ஆளானவனும் ஆளாகவே இருந்தவனும்

1

தை இரண்டாம் நாள் எங்கள் ஊரில் திருவூடல். அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் தெருவில் வைத்துச் சண்டை. தன்னை வணங்க மறுக்கும் பிருங்கி முனிவருக்குச் சாமி காட்சி கொடுக்கப் போகிறார் என்று அம்மனுக்குக் கோபம். நடுவில் தூது போகிறவர் சுந்தரமூர்த்தி நாயனார். தூது பலிக்காது. அம்மன் கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி அன்றிரவு குமரக் கோயிலில் தங்கிவிட்டு மறுநாள் தனியாகக் கிரிவலம் போவார். இந்த விழாவின் பேரிலேயே ஊரில் ஒரு தெரு இருக்கிறது.

சின்ன வயசில் ஒரு திண்ணைமேல் ஏறி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற என் நண்பன் கேட்டான்: “புருஷன் பொண்டாட்டி சண்டைல இவுரு எதுக்குடா இங்கியும் அங்கியும் ஓடறாரு? இவுருக்கு வேற வேலை இல்லியா?” நான் சிரித்தேன். கேள்வி மறந்துபோனது. தமிழ் எம்.ஏ. படித்து, தொல்காப்பியமும் நாவல் கோட்பாடும் படித்து, விமர்சகன் என்று பெயரும் வாங்கிய பிறகு, போன வருஷம்தான் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. வந்த விதத்தைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம்.

நான் ஒரே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ஒரு சிற்றிதழில் வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் இரண்டு பையன்களைப் பற்றிய கதை. கார்த்திகை தீபம் மலைமேல் பதினோரு நாள் எரியும். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும் கொப்பரை எரிந்துகொண்டிருக்கும். பையன்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அதைப் பார்க்க மலை ஏறுகிறார்கள். மறுநாள் விசாரணை. ஒருவன் முன்னால் வந்து, “நான்தான் சார் கூப்பிட்டுப் போனேன்” என்று பழியை ஏற்றுக்கொண்டு பிரம்படி வாங்குகிறான். மற்றவன், அதாவது கதை சொல்லும் நான், அன்றைக்கு நட்பு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு ‘பெரியவன்’ ஆகிறேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. ஒரு தோழர், சாதி கடந்த நட்பின் ஆவணம் என்று எழுதியிருந்தார். கதையில் நான் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகன், இடைநிலைச் சாதி. அவன் காலனிப் பையன். நிஜத்திலும் அப்படித்தான்.

அவன் இப்போது குட்டியானை ஓட்டுகிறான். காய்கறி லோடு. இதழைக் கையில் கொடுத்தேன். நாலு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் வைத்துச் சொன்னான்:

“நல்லாத்தான் எழுதிகீற. ஆனா நான் எப்படா உனக்காக அடி வாங்கினேன்? அந்தாளு என்னத்தான்டா அடிச்சாரு. நீ அன்னிக்கு வரலைன்னாலும் அடிச்சிருப்பாரு.”

கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னான். “கதை பூரா நான் ரெண்டு தடவதான்டா பேசறேன். ஒரு தடவ ‘சரிடா’. ஒரு தடவ ‘நான்தான் சார்’.”

மட்டம் போட்டு மலைக்குப் போகலாம் என்று கூப்பிட்டது நான். மறுநாள் வகுப்பில் யார் கூப்பிட்டது என்று யாரும் கேட்கவே இல்லை. அவனுக்கு அடி விழுந்தது. எனக்குப் புத்திமதி விழுந்தது: “இவங்ககூடச் சேந்து கெட்டுப்போவாத.” இதுதான் நடந்தது. கதையில் நான் செய்த வேலை என்ன? அவன்மேல் விழுந்த சாதி அடியை எனக்காக அவன் செய்த தியாகமாக மாற்றினேன். வன்முறையை விசுவாசமாக மொழிபெயர்த்தேன். இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. என் கைக்கு இப்படித்தான் எழுத வந்தது. அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதன் குறிப்புகள்தான் இவை.

2

வளர்பருவக் கதை என்று நாம் சொல்வதற்கு ஜெர்மானியர்கள் பில்டுங்ஸ்ரோமான் என்று பெயர் வைத்தார்கள். கெதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ (1795-96) அதன் மூலப்பிரதி என்பார்கள். தனிமனிதன் ஒருவன் தவறுகள் செய்து, பாடங்கள் கற்று, கடைசியில் சமூகத்தோடு ஓர் உடன்படிக்கைக்கு வருவது அதன் பாதை. தமிழில் இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஆளாவது. பெண் ஆளானாள் என்றால் வயசுக்கு வந்தாள், இனி வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று பொருள். பையன் ஆளானான் என்றால் படித்து, வேலைக்குப் போய், நாலு பேர் மதிக்க நிற்கிறான் என்று பொருள். இதே சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. பண்ணையாள், வேலையாள், கூலியாள். ஒருவன் ஆள் ஆகிறான். இன்னொருவன் ஆளாகவே இருக்கிறான். நம்முடைய வளர்பருவக் கதைகளில் நாயகனுக்கும் அவனுடைய உயிர் நண்பனுக்கும் இடையிலான உறவு, பெரும்பாலும் இந்த ஒரே சொல்லின் இரண்டு பொருள்களுக்கு இடையிலான உறவாகவே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

ருஷ்ய அறிஞர் பிராப் 1928இல் நாட்டுப்புற வியப்புக் கதைகளை ஆராய்ந்து, பாத்திரங்களின் செயற்களங்கள் ஏழு என்றார். அதில் ஒன்று உதவியாளன். உதவியாளனுக்கு என்று தனிக் கதை கிடையாது. நாயகனிடம் ஒரு குறை இருக்கிறது, அதை நிரப்ப அவன் வருகிறான், நிரப்பியதும் அவன் வேலை முடிந்தது. பிராப்பை நிறைய மேற்கோள் காட்டியாகிவிட்டது. அவருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தொல்காப்பியத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. மார்தட்டலை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

களவில் பேச உரிமை உள்ளவர்கள் ஆறு பேர்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. பாங்கன் தலைவனுடைய நண்பன். தோழி தலைவியுடைய நண்பி. தோழி யார் என்பதற்குத் தொல்காப்பியம் விளக்கம் தருகிறது. அவள் செவிலியின் மகள். அதாவது தலைவியை வளர்க்கும் தாயின் பெண். அவளுடைய நட்பு அவள் தேர்ந்துகொண்டது இல்லை, தாயின் வேலையோடு சேர்ந்து வந்தது. சங்க அகப்பாடல்களில் ஏராளமானவற்றில் பேசுகிறவள் அவள்தான். அறிவாளி, துணிச்சல்காரி, பொய் சொல்லத் தெரிந்தவள், தலைவனை மடக்கிக் கேள்வி கேட்பவள். ஆனால் அவளுக்கு ஒரு காதல் உண்டா, அவளும் ஒருவனுக்காகக் காத்திருந்தாளா என்று கேட்க அந்த இலக்கணத்தில் இடம் இல்லை.

இன்னொரு சூத்திரம் இதைவிடப் பச்சையானது. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் ஏவல் வேலை செய்கிறவர்களும், தலைமக்களாக வரலாம். ஆனால் அன்பின் ஐந்திணைக்குள் அல்ல, அதற்குப் புறத்தே உள்ள கைக்கிளையிலும் பெருந்திணையிலும். ஒத்த அன்பு என்பது அவர்களுக்கு உரியதில்லை. உரையாசிரியர்கள் இதற்குப் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். எம்.ஏ. வகுப்பில் அந்தக் காரணங்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். இந்தச் சூத்திரத்தையும் தோழியின் சூத்திரத்தையும் அருகருகே வைத்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

பாங்கன் நிலைமை தோழியைவிட மோசம். தலைவனைக் கண்டிப்பதுதான் அவன் வேலை. அதற்குக் கழறல் என்று பெயர். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் பாடல்களில் பெரும்பாலும் அந்தக் கழறல் காதில் விழுவதில்லை. தலைவனுடைய பதில்தான் கேட்கிறது. வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 58ஆம் பாட்டு புகழ்பெற்றது. கண்டித்த நண்பனுக்குத் தலைவன் பதில் சொல்கிறான். வெயிலில் காயும் பாறைமேல் வெண்ணெய் உருகுகிறது, அதைக் கையில்லாத ஊமை ஒருவன் கண்ணாலேயே காவல் காத்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு படிமம். அந்த ஊமை தலைவனின் கையாலாகாத நிலைக்கு உவமை என்பது மரபான வாசிப்பு. நான் அதை வேறு மாதிரி வாசிக்க ஆசைப்படுகிறேன். அந்தப் பாட்டில் வாய் திறக்காமல் இருப்பவன் தலைவன் இல்லையே. ஒரு சொல்லும் இல்லாமல், இன்னொருவன் உருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி வைக்கப்பட்டவன் பாங்கன். ஊமை அவன்தான்.

3

நண்பர்கள் இங்கே இடைமறிக்கலாம். சங்க இலக்கியத்திலேயே கபிலர் இருக்கிறாரே என்று. உண்மை. பாரி இறந்த பிறகு அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அரசர் வாசல் வாசலாக அலைந்தவர். திருவண்ணாமலையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் திருக்கோவலூரில், பெண்ணையாற்றில் கபிலர் குன்று இருக்கிறது. அவர் தீப்புகுந்த செய்தியை அவ்வூர் வீரட்டானக் கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. நண்பனுக்காக உயிர்விட்ட நண்பன். ஆனால் கவனியுங்கள். பாரியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கபிலர் சொல்லித்தான் தெரியும். அங்கே கதை சொல்பவன் நண்பன். அவர் புலவர், பார்ப்பனர். எழுத்தாணி அவர் கையில் இருந்தது. எழுத்தாணி கையில் இருக்கும் நண்பன் யாருக்கும் பக்கவாத்தியம் ஆவதில்லை.

எழுத்தாணி இல்லாதவனின் நட்பு எப்படிக் கணக்கு வைக்கப்படுகிறது என்பதைத் தெருக்கூத்தில் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்துப் புரிசை கூத்துக்குப் பேர்போன ஊர். இந்தப் பக்கங்களில் ‘கர்ண மோட்சம்’ போட்டால் விடியவிடிய கூட்டம் கலையாது. கர்ணன் துரியோதனனின் உயிர் நண்பன். ஆனால் அந்த நட்புக்குத் தமிழ் கொடுத்திருக்கும் பெயர் செஞ்சோற்றுக் கடன். தேரோட்டி மகன் என்று சபையில் அவமானப்பட்டவனுக்கு ஒரு நாடு கொடுக்கப்பட்டது. அதற்கு வட்டியும் முதலுமாக உயிர் வசூலிக்கப்பட்டது. கட்டிய மனைவி பொன்னுருவியே அவனைப் பிறப்பைச் சொல்லி ஏசுகிறாள். சமமானவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டால் அது விருந்து. சமமில்லாதவன் சாப்பிட்டால் மட்டும் அது கடனாகிறது.

அதே கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். திரைக்குப் பின்னால் இருக்கும் ராஜாவை யார் நீ என்று கேட்பவன், கிண்டல் செய்பவன், கூத்தை நடத்திக்கொண்டு போகிறவன். பக்தினைப் படித்த உற்சாகத்தில் நம்மில் பலர் இவனை அதிகாரத்தைக் கவிழ்க்கும் கலகக்காரனாகக் கொண்டாடினோம். நானும் கொண்டாடினேன். இப்போது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கட்டியக்காரன் சிரிக்கலாம், ஆனால் விடியும்போது ராஜா ராஜாவாகத்தான் இருக்கிறான். சினிமாவில் நாயகனின் நண்பனாக வந்த கவுண்டமணியின் வாய்க்கு நாயகனே அஞ்ச வேண்டியிருந்தது என்பது உண்மை. அதே படத்தின் கடைசியில் கல்யாண மேடையில் அவர் எங்கே நின்றார் என்பதும் உண்மை.

திருவூடலுக்குத் திரும்புகிறேன். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். தமிழில் இதைவிடப் புகழ்பெற்ற நட்பு இல்லை. ஆனால் பெரியபுராணத்தில் இந்த நட்பு தொடங்குவது ஓர் அடிமை ஓலையில். உன் பாட்டன் தன் வம்சத்தையே எனக்கு அடிமையாக எழுதிக்கொடுத்தான் என்று கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். பயனில்லை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் இந்தக் கதையில் ஒரு விசேஷம் உண்டு. திருவாரூரில் பரவையாரின் கோபத்தைத் தணிக்க ராத்திரியில் தெருவில் நடந்து தூது போனது சாமி. எங்கள் ஊரில் சாமிக்காகத் தூது போவது சுந்தரர். இரண்டு பக்கமும் கால் வலித்திருக்கிறது. என் நண்பன் அன்றைக்குத் திண்ணையில் கேட்ட கேள்விக்கு இது ஒரு பதில். ஓடுகிறவனுக்காக எதிராளியும் ஒருநாள் ஓடியிருந்தால், அது நட்பு. நான் படித்த வளர்பருவக் கதைகளில் நாயகன் நண்பனுக்காக நடந்த தூரத்தை அளந்து பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

4

தமிழின் முதல் நாவல் என்று நாம் பாடம் நடத்தும் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) ஒரு பணக்கார வீட்டுப் பையன் வளரும் கதை. செல்லப் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று வீட்டில் கட்டளை. ஆனால் படிப்பு ஏற அடி வேண்டும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. என்ன செய்வது? கூடப் படிக்கும் கனகசபை இருக்கிறான். பிரதாபன் செய்யும் தப்புக்கு அடி அவனுக்கு. நாவல் இதை நகைச்சுவையாகத்தான் சொல்கிறது. நாமும் சிரித்துக்கொண்டுதான் படித்தோம். தமிழ் நாவல் பிறந்ததுமே அதற்குள் இன்னொருவனுக்காக அடி வாங்கும் ஒரு முதுகு தயாராக இருந்திருக்கிறது. என்னுடைய கதை எங்கிருந்து வந்தது என்று நான் தேடியதற்கு இதைவிட நேரான பதில் கிடைக்கவில்லை.

கனகசபைக்குப் பின்னால் என்ன ஆகிறது? அவன் ஒரு செல்வந்தரின் காணாமல்போன மகன் என்று தெரியவருகிறது. அதாவது, அடி வாங்கியவன் நாயகனுக்குச் சமமாக வேண்டுமென்றால் அவன் பிறப்பை மாற்றியாக வேண்டும். ஏழை வாத்தியார் வீட்டுப் பையனாகவே அவன் சமமாக முடியாது. இது 1879இன் பழக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உலகமெங்கும் கண்ணீரோடு படிக்கப்பட்ட காலித் ஹொசைனியின் ‘தி கைட் ரன்னர்’ (2003) நாவலில், காபூல் பணக்காரரின் மகன் அமீர். அவனுக்காக எதையும் செய்யும் வேலைக்காரர் மகன் ஹசன், ஹசாரா இனத்தவன். ஹசன்மேல் நடக்கும் கொடுமையை அமீர் ஒளிந்து நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறான். அந்தக் குற்ற உணர்ச்சிதான் பின்னால் அவனை மனிதனாக்குகிறது. ஹசன் அதற்குள் செத்துப்போகிறான். கடைசியில் ஹசன் அமீரின் தந்தைக்குப் பிறந்தவன் என்று தெரிகிறது. நூற்றிருபது வருஷம் கழித்தும் அதே உபாயம். ரத்தத்தைக் காட்டித்தான் சமத்துவத்தைக் கேட்க முடிகிறது.

மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ (1884) பற்றி டோனி மாரிசன் தன் ‘பிளேயிங் இன் த டார்க்’ (1992) நூலில் எழுதியது இங்கே உதவும். வெள்ளைப் பையன் ஹக் வளர்வதற்கு அடிமை ஜிம் அடிமையாகவே இருக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் அவனுடைய விடுதலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஜிம்மின் எஜமானி உயிலிலேயே அவனை விடுவித்துவிட்டாள். அது தெரிந்தும் டாம் சாயர் அவனைச் ‘சிறைமீட்கும்’ விளையாட்டை நடத்துகிறான். டாமுக்குக் குண்டடி பட்டதும் ஜிம் தப்பி ஓடாமல் நின்று வைத்தியருக்கு ஒத்தாசை செய்கிறான். விசுவாசம் என்று பாராட்டப்படும் இடம் அது. ஓடியிருந்தால் அவன் நாயகன் ஆகியிருப்பான்.

5

அப்படியானால் துணைப்பாத்திரத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும்? தமிழில் இதற்கு ஒரு பிரதி இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000).

கொங்கு நாட்டுக் காட்டில் ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறுவன் கூளையன், கவுண்டர் ஒருவர் வீட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்டவன். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. சட்டம் பனங்காட்டுக்குள் நடந்து வருவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று நமக்குத் தெரியும். கவுண்டரின் மகன் செல்வன் பள்ளிக்கூடம் போகிறவன். இருவரும் தோழர்கள். ராத்திரி ஆட்டுப்பட்டிக் காவலுக்குக் காட்டில் ஒன்றாகப் படுக்கிறார்கள், விளையாடுகிறார்கள். வழக்கமான வளர்பருவ நாவலாக இருந்தால் இது செல்வனின் கதை. வளர்ந்து பட்டணத்தில் வேலை பார்க்கும் செல்வன், தன்னோடு ஆடு மேய்த்த ஒரு கூளையனை நினைத்து ஏங்குவான். நமக்கும் கண் கலங்கும். பெருமாள்முருகன் அந்தக் கதையை எழுதவில்லை. ஆளின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நட்பு என்னவாகத் தெரிகிறது என்று எழுதினார்.

அங்கே நட்பு இல்லை என்று நாவல் சொல்லவில்லை. இருக்கிறது, அதுதான் கொடுமை. செல்வனும் கூளையனும் சிரிப்பது நிஜமான சிரிப்பு. ஆனால் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒருவன் எந்த நிமிஷமும் எஜமானாக மாறிக்கொள்ளலாம், இன்னொருவனால் ஒருபோதும் முடியாது. தேங்காய் திருடியதற்காகக் கூளையன் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறான். கிணற்றில்தான் நாவலும் முடிகிறது. நண்பர்கள் இருவரும் ஒரே தண்ணீருக்குள் இருக்கும் அந்தக் கடைசிப் பக்கங்களில் நடப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று வாசகன்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இது: துணைப்பாத்திரம் நடுவுக்கு வந்ததும் வளர்பருவக் கதை என்ற வடிவமே உடைந்துபோகிறது. சமூகத்தோடு உடன்படிக்கைக்கு வருவது அந்த வடிவத்தின் முடிவு. ஆளாகப் பிறந்தவன் எந்த உடன்படிக்கைக்கு வருவது? அவன் பேரில் ஏற்கெனவே ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அவனைக் கேட்காமல்.

எழுதியவர் அந்தச் சிறுவனின் சாதியைச் சேர்ந்தவர் இல்லை என்ற விமர்சனத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. அது சரியான கேள்வி. ஆகவே மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பூமணியின் ‘வெக்கை’யில் (1982) பதினைந்து வயது சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். அவனோடு காட்டில் அலைபவர் அப்பா. நாயகனின் பெருமையைக் காட்டுவதற்கென்று ஓர் உயிர் நண்பன் அங்கே தேவைப்படவில்லை. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் (2002) தலித் சிறுவன் தன் கதைக்குத் தானே நாயகன், தானே கட்டியக்காரன். தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு வளர்கிறான். இன்னொருவனின் முதுகு அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. தியாகம் செய்யும் நண்பன் என்ற பாத்திரம் எல்லா வளர்பருவக் கதைக்கும் இயற்கையாக அமைவது இல்லை, சில வீடுகளில் பிறந்தவர்களின் கதைகளுக்கு மட்டும்தான் அது அவசியமாகிறது என்று இந்த இரண்டு நாவல்களும் எனக்குச் சொல்கின்றன.

6

ஒரு தோழரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். “எல்லா நட்பையும் சந்தேகப்பட்டால் சாதியைத் தாண்டிக் கை கோர்ப்பது எப்படி? தோழர் என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லையா?” என்று கேட்டார். ஒரு கதையில் எல்லோரும் நாயகனாக முடியாது, யாராவது ஓரத்தில் நிற்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். இரண்டும் நியாயமான கேள்விகள்.

ஓரத்தில் நிற்பதை நான் குறை சொல்லவில்லை. எத்தனை பக்கம் வருகிறான் என்று ஸ்கேல் வைத்து அளக்கவும் சொல்லவில்லை. என் அளவுகோல் ஒன்றுதான்: அவனால் மாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? வள்ளுவர் நட்பைப் பற்றிச் சொல்லும்போது நண்பன் வரம்பு மீறினால் இடித்துரைப்பதைத்தான் அதன் வேலையாகச் சொல்கிறார். இடித்துரைக்கும் உரிமை இல்லாத இடத்தில் இருப்பது நட்பு இல்லை, உத்தியோகம். என் கதையில் அவன் பேசிய முதல் வார்த்தை ‘சரிடா’. நிஜத்தில் அன்றைக்கு மலைக்குக் கூப்பிட்டபோது அவன் என்ன சொன்னான் என்று ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன். “நீ மாட்டுனா திட்டுவாங்க. நான் மாட்டுனா தோலை உரிச்சுடுவாங்கடா” என்று சொன்னான். சொல்லிவிட்டுத்தான் வந்தான். அவன் இடித்துரைத்தான். நான் அதைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். கதையின் ஓட்டத்துக்கு அது தடையாக இருந்ததாக அப்போது நினைத்தேன்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட் ஹக்கிள்பெரி ஃபின் கதையை ஜிம்மின் வாயால் திரும்ப எழுதியிருக்கிறார். ‘ஜேம்ஸ்’ (2024). ஜேம்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியும். எழுத ஒரு துண்டுப் பென்சில் வேண்டும். அதை எஜமானிடமிருந்து திருடிக்கொண்டு வந்து தரும் இன்னொரு அடிமை அதற்காகவே கொல்லப்படுகிறான். அந்த இடத்தைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. ஓரத்தில் நின்றவன் எழுதத் தொடங்கும்போதும், அவனுக்குப் பென்சில் கொண்டுவந்தவன் ஒருவன் இன்னொரு ஓரத்தில் கிடக்கிறான். எவரெட் அதை மறைக்கவில்லை. நாவல் முழுக்க ஜேம்ஸ் அந்தப் பென்சிலின் கனத்தோடுதான் எழுதுகிறான். யார் முதுகின்மேல் நின்று எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதுவதற்கும் தெரியாமல் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். தோழர் கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்த பதிலும் அதுதான்.

அந்த உற்சாகத்தில் என் கதையை அவன் கோணத்திலிருந்து திரும்ப எழுதப்போகிறேன் என்று நண்பனிடம் சொன்னேன். வண்டியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுக் கேட்டான்:

“அதையும் நீயேதான் எழுதப் போறியா?”

நான் எழுதவில்லை. கதை ஒரு தொகுப்பில் வரப்போவதாகச் சொல்லி, திருத்தம் இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். அவன் மலை ஏறுமுன் சொன்னதைத் திரும்பச் சேர்த்தேன். ‘நான்தான் சார்’ என்ற வசனத்தை எடுத்தேன். ‘அவன் எனக்காக அடி வாங்கினான்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதில் ‘எனக்காக’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அடுத்து இன்னொரு வாக்கியம் எழுதினேன்: ‘நான் வாங்கவில்லை.’ கதை இப்போது முன்பு போல நெகிழ்வாக இல்லை என்று தொகுப்பாளர் சொல்கிறார். இருக்கலாம்.

நண்பர்கள் தங்கள் கதைகளில் வரும் உயிர் நண்பர்களை ஒருமுறை எடுத்து, அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, அந்த நண்பர்கள் உயிரோடு இருந்தால் கதையை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் சொல்வதையும் இந்தப் பக்கங்களுக்கு எழுதி அனுப்புங்கள். விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.